தூக்காமல் எழுப்பும் பாடம்

அத்தியாயம் 11

"அம்மா, நீங்கள் நேர்ஸ் எண்டால் உங்கடை பையிலை ஏன் ஊசி இல்லை?"

றெபேக்காவுக்கு அப்போது ஆறு வயது. வேலை முடிந்து வந்து கதவடியில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த தாயின் பையைக் குடைந்து பார்த்துவிட்டுத்தான் கேட்டாள். பைக்குள் ஒரு சாப்பாட்டுப் பெட்டி, ஒரு சோடிக் காலுறை, வெடித்த கைக்குப் பூசுகிற களிம்பு. வேறொன்றும் இல்லை.

தாய் கத்தரின் வாய் திறப்பதற்குள் கதிரையில் இருந்த தகப்பன் ஞானேந்திரன் முந்திக்கொண்டார்.

"ஊசியெல்லாம் வேலையிடத்திலை பூட்டி வைச்சிருக்கும், பிள்ளை."

குழந்தை நம்பிவிட்டது. கத்தரின் பேசாமல் இருந்துவிட்டாள். அப்படிப் பேசாமல் இருந்த ஒரு நிமிடம் இருபத்தெட்டு வருடமாக நீளும் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரியாது.

'வியாழன் வட்டம்' தொடரை வாசித்து வருகிறவர்களுக்கு வட்டத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்காக நாலு வரி. பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தில், பார்க் எக்ஸ்டென்ஷன் வட்டாரத்துப் பங்குக் கோயிலின் கீழ் மண்டபத்தில் வியாழன்தோறும் காலை பத்து மணிக்கு, வேலையில் இருந்து ஓய்வு பெற்ற நம்மவர்கள் முப்பத்தைந்து பேர் கூடுகிறார்கள். வேதக்காரரும் உண்டு, சைவக்காரரும் உண்டு. வாத்தியார் என்று தனியாக ஒருவரும் இல்லை. வருடத்தில் ஒரு வியாழக்கிழமை ஒவ்வொருவருக்கும் சொந்தம். அன்றைக்கு அவர் தன் உழைப்பில் கற்றதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவர் சண்முகலிங்கம் மாஸ்டர். பேசுகிறவரை அறிமுகப்படுத்தும் தாளை வாராவாரம் அச்சடித்துக் கொடுப்பவர் செயலாளர் ஞானேந்திரன்.

போன வாரம் ஞானேந்திரன், கத்தரின் வீட்டில் நடந்ததும் நினைவிருக்கும். மகன் டனிஸ்ரனுக்குக் கலியாணம் பேசுகிற றொஷினியின் வீட்டார் வருகிற ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாக வரப்போகிறார்கள். பெண்ணின் அத்தை யோசெப்பின், வட்டத்தில் முன்வரிசைக்காரி.

இந்த வியாழக்கிழமை கத்தரினுடையது.

காலை ஏழரை மணிக்கு, தேத்தண்ணிக் கோப்பையோடு அச்சுப்பொறியடிக்குப் போனவள் அங்கே கிடந்த தாளை எடுத்துப் பார்த்தாள். இரண்டு தரம் வாசித்தாள்.

*திருமதி கத்தரின் ஞானேந்திரன், ஓய்வுபெற்ற தாதி. விடயம்: முதுமையில் உடல்நலம்.*

கத்தரினுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. சாமான்கள்தான் சத்தம் போடும். கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் தேத்தண்ணி பாதி வெளியே குதித்தது.

"இது ஆர்?"

சவரம் செய்த முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த ஞானேந்திரன் நின்றார். "என்ன ஆர்?"

"இந்தத் தாளிலை இருக்கிற மனுசி. எனக்கு ஆளைத் தெரியேல்லை."

"விடிய வெள்ளனத் தொடங்காதையும். ஒரு சொல்லுத்தானே."

"ஒரு சொல்லில்லை. இருபத்திநாலு வருசம்."

"நானென்ன உம்மைக் குறைச்சே எழுதினனான்? கூட்டித்தானே எழுதினனான்."

"நீங்கள் கூட்டக் கூட்டத்தான் நான் குறையிறன்."

ஞானேந்திரன் கெட்ட மனிதர் அல்ல. வட்டத்தில் எல்லோருக்கும் இதே உபகாரத்தைச் செய்கிறவர். டெப்பனேர் என்கிற மூலைக்கடையில் தனியாளாக நின்றவர் அவருடைய தாளில் 'ஓய்வுபெற்ற முகாமையாளர்' ஆகிவிடுவார். உணவகத்தில் வெங்காயம் வெட்டியவர் 'உணவுத்துறை வல்லுநர்'. பெட்டித் தொழிற்சாலையில் பெட்டி எண்ணி அனுப்பிய தம்மை அவர் 'ஓய்வுபெற்ற கணக்காளர்' என்று போட்டுக்கொள்வார். ஒருவரும் மறுத்ததில்லை. வெளிநாட்டில் நம்மவர் முதுகில் வாங்கிய அடிக்கு இப்படி ஒரு வெள்ளைத்துணி கட்டிவிடுவதாக அவர் நினைத்திருக்கலாம். ஆனால் காயத்தைக் கழுவாமல் கட்டினால் என்னவாகும் என்று அவருடைய மனைவிக்கு நன்றாகத் தெரியும்.

"விடயத்தை ஏன் மாத்தினனீங்கள்? 'விழுந்த ஆளை எழுப்புறது எப்பிடி' எண்டெல்லோ நான் எழுதித் தந்தனான்?"

"வயசான சனம் வாற இடத்திலை அப்பிடிப் போட்டால் அபசகுனம் மாதிரி."

"வயசான சனந்தானே விழுகுது! சிவநேசம் அக்காவுக்கு என்ன நடந்தது? கண்ணுக்கு முன்னாலைதானே நிண்டனீங்கள்?"

தை மாதம், மண்டபத்து வாசலில் பனிக்கட்டியில் சிவநேசம் சறுக்கி விழுந்தார். உடனே ஐந்து பேர் ஓடிப்போய், ஐயோ அக்கா என்று அன்பாகக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினார்கள். விழுந்ததில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தூக்கியதில்தான் தோள்மூட்டு கழன்றது. அன்றைக்குக் கத்தரின் தெருவின் அந்தப் பக்கத்தில் இருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தும் நேரம் பிந்திவிட்டது. அன்றிரவே தன் முறைக்கு இதைத்தான் சொல்லிக் கொடுப்பது என்று முடிவெடுத்தாள். ஆறு வாரமாக அறைக்குள் தலையணையை விழுத்திவைத்து ஒத்திகை பார்த்தவள்.

"ஞாயிற்றுக்கிழமை அவையள் வருகினம்," என்றார் ஞானேந்திரன், குரலைத் தாழ்த்தி. "பெடியன்ரை விசயம். தாய் நேர்ஸ் எண்டு சொல்லியாச்சு. யோசெப்பின் முன்னாலை இருப்பா. நீர் போய் மூத்திரச் சட்டி கழுவினனான் எண்டு சொல்லப் போறீரே?"

சொன்ன பிறகு அவருக்கே சுட்டது. ஆனால் சொல் போய்விட்டது.

கத்தரின் சிந்திய தேத்தண்ணியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள். ஐந்து வருடங்களுக்கு முன் அந்தக் கொடிய நோய் முதியோர் இல்லங்களுக்குள் புகுந்த வசந்தத்தில், வேலைக்கு வர ஆளில்லாமல் போனபோதும் அவள் போனாள். பிள்ளைகள் யன்னலுக்கு வெளியே நின்று அழ, உள்ளே பதினொரு பேருக்குக் கடைசியாக முகம் துடைத்துவிட்டது அவளுடைய கை. பிரெஞ்சு மட்டுமே தெரிந்த அந்தக் காதுகளில் அவள் தமிழில்தான் 'அருள்நிறை மரியே' சொன்னாள். அந்த நாட்களில் கோயிலில் யாராவது விசாரித்தால் ஞானேந்திரன், "நேர்ஸ்மாருக்கு இப்ப சரியான கஷ்டம்" என்பார்.

"கழுவினனான்தான்," என்றாள். "அதைத்தான் சொல்லப் போறன்."

"அப்பிடியெண்டால் உம்மடை முறையை மாத்திப் போடுவன். மாஸ்டர் வானசாத்திரம் சொல்லட்டும்."

"சொல்லிப் பாருங்கோ."

வாசல் மணி அடித்தது. இருவரையும் காரில் கொண்டுபோய் விட றெபேக்கா வந்திருந்தாள். அவள் உண்மையான தாதி, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில். இரவு வேலை முடித்துவிட்டு நேரே வந்ததால் கண் சிவந்திருந்தது. மேசையில் கிடந்த தாளை நின்றபடியே வாசித்தாள்.

"அப்பா, இதென்ன?"

"நீயும் தொடங்காதை, பிள்ளை."

"நான் இஞ்சை சோதினை எழுதி, பதிஞ்சு, வருசா வருசம் புதுப்பிச்சு வைச்சிருக்கிற பேர் இது. பதிவு இல்லாத ஆள் போட்டால் இந்த நாட்டிலை குற்றம். அதை விடுங்கோ. அம்மாவுக்கு ஏன் என்ரை பேரை இரவல் குடுக்கிறியள்? எங்கடை வார்ட்டிலை பிறெப்போசே ஒராள் வராட்டி நாங்கள் பத்து நேர்ஸ் நிண்டும் ஒரு காலைப்பொழுது ஓடாது. தெரியுமோ உங்களுக்கு?"

பிறெப்போசே. நோயாளிகளையும் முதியவர்களையும் கழுவித் துடைத்து ஊட்டுகிறவர்களுக்கு இந்த ஊரில் அந்தப் பெயர். அந்த வீட்டுக்குள் அது சத்தமாக ஒலித்தது அன்றைக்குத்தான்.

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத் தெருவிலை விடுங்கோ," என்று ஞானேந்திரன் முப்பத்தைந்து தாளையும் அள்ளிக்கொண்டு நடந்தார்.

காரில் அவர் முன்னால் இருந்தார். தாள்கட்டு பின் ஆசனத்தில், கத்தரினுக்குப் பக்கத்தில். ஜான்-டலோன் தெருவில் வாகனங்கள் ஊர்ந்தன. பனி கரைந்த சேறு கண்ணாடியில் அடித்தது. கத்தரின் கைப்பையில் இருந்து பேனையை எடுத்தாள். முதல் தாளில் 'தாதி' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு. அடுத்த தாளில் ஒரு கோடு.

ஒவ்வொரு கீறலும் முன்னால் இருந்தவருக்குக் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இருபதாவது தாளில் பேனை கடதாசியைக் கிழித்துக்கொண்டு போனது. றெபேக்கா வானொலியைப் போட்டாள். பிறகு தானே நிறுத்தினாள்.

மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது முப்பத்தைந்தும் முடிந்திருந்தது.

"கத்தரின் அக்கா, இதிலை என்னத்தை வெட்டியிருக்கிறியள்? அச்சுப்பிழையோ?" தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து, கோட்டுக்குக் கீழே எழுத்தைத் தேடினாள் யோசெப்பின்.

"ஓம், பிழைதான். சொல்லுறன்."

ஞானேந்திரன் ஒலிவாங்கியைக் கையில் எடுத்துவிட்டார். "எல்லாருக்கும் வணக்கம். இண்டைக்கு ஒரு சின்ன மாற்றம். என்ரை மனுசிக்குக் கொஞ்சம் தலையிடி. அதாலை எங்கடை சண்முகலிங்கம் மாஸ்டர் கிரகங்களைப் பற்றி…"

"எந்தக் கிரகம்?" என்று மூன்றாம் வரிசையில் இருந்து மாஸ்டர் கேட்டார். எழுபத்தொன்பது வயது. மடிப்புக் கலையாத காற்சட்டை, கையில் பொல்லு. "நான் ஒண்டும் ஆயத்தப்படுத்தேல்லை. நாலு தரம் சொல்லியாச்சு. சனி அங்கைதான் நிக்குது."

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கிடையில் கத்தரின் முன்னால் வந்து, கணவரின் கையில் இருந்த ஒலிவாங்கியை வாங்கினாள். பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"எனக்குத் தலையிடி இல்லை. என்ரை பேர் கத்தரின். நான் நேர்ஸ் இல்லை. ஒரு நாளும் நேர்ஸா இருக்கேல்லை. இருபத்திநாலு வருசம் முதியோர் இல்லத்திலை பிறெப்போசேயா வேலை செய்தனான். குளிப்பாட்டுறது, உடுப்பு மாத்துறது, சாப்பாடு தீத்துறது, பீ மூத்திரம் எடுக்கிறது. தாளிலை வேறை சொல் கிடந்தது. நான்தான் வெட்டினனான்."

மேலே கோயிலில் யாரோ மர வாங்கை இழுக்கிற ஓசை கேட்டது.

"எங்களுக்கு நேர்ஸ் எண்டெல்லோ சொன்னவை," என்றாள் யோசெப்பின், பக்கத்தில் இருந்தவளுக்குச் சொல்வதுபோல் எல்லோருக்கும் கேட்க.

"சொன்னது பொய், யோசெப்பின். சொன்னவரிலை மட்டும் பிழையில்லை. கேட்டுக்கொண்டு சும்மா இருந்த என்னிலையும் பிழை."

ஞானேந்திரனின் முகம் சாம்பலாகிவிட்டது. கொளுவியில் இருந்த தன் மேலாடையை எடுத்தார். தொப்பியை மறந்துவிட்டார். கதவு அவருக்குப் பின்னால் மெதுவாகத்தான் மூடியது. அறைந்து சாத்தியிருந்தால் கத்தரினுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பின்வரிசையில் ஒரு குரல்: "உந்த வேலையைப் பற்றி ஒரு மணித்தியாலமோ?"

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

காலையில் இருந்து அடக்கிவைத்த கோபம் முழுவதோடும் அவள் பின்வரிசைப் பக்கம் திரும்பினாள். "ஏன் சிரிக்கிறியள்? உங்கடை தாள்களிலை…"

நிறுத்திக்கொண்டாள்.

ஒவ்வொருவரையும் அவளுக்குத் தெரியும். சிரித்த குரல்காரர் எந்தக் கடையில் என்ன செய்தார் என்று தெரியும். ஒரே வசனத்தில் முழு வட்டத்தையும் உரித்துப் போட்டிருக்கலாம். அவளுடைய தாளை வெட்ட அவளுக்கு உரிமை இருந்தது. மற்றவர்களின் தாளுக்கு இல்லை. அந்த வசனத்தை விழுங்கினாள். ஆண்டவருடைய கிருபை பல தடவை விழுங்கிய வசனத்தில்தான் இருக்கிறது என்று நான் நினைப்பதுண்டு.

"தை மாதம் சிவநேசம் அக்காவுக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும்," என்றாள். முன்வரிசையில் சிவநேசம் தோளில் கட்டிய துணியோடு இருந்தார். "அது திரும்ப நடக்கக்கூடாது. செய்துதான் காட்ட வேணும். ஆரும் ஒராள் வந்து நிலத்திலை படுங்கோ."

யாரும் எழும்பவில்லை.

ஆண்கள் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். இன்னொருவருடைய மனைவி தொட்டுத் தூக்க, எல்லோருக்கும் முன்னால் தரையில் கிடப்பதா? பெண்கள் சேலையை இழுத்து மூடிக்கொண்டார்கள். மாட்டுச்சந்தையில் நிற்கிற மாதிரி எல்லோரும் பார்க்கக் கிடக்க அவர்களும் ஆயத்தமில்லை. கத்தரின் கதிரைகள் இரண்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வெறும் தரைக்குப் பக்கத்தில் நின்றாள். ஆள் இல்லாமல் அந்தப் பாடம் இல்லை. இன்றைக்குப் போனால் அடுத்த வருடம் அவளுக்கு ஒலிவாங்கி தருகிறவர்களும் இல்லை.

"அப்ப தேத்தண்ணி குடிப்பமே?" என்றாள் யோசெப்பின்.

இரண்டு மூன்று பேர் எழும்பியும் விட்டார்கள். அப்போது பொல்லு தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

சண்முகலிங்கம் மாஸ்டர் வந்துகொண்டிருந்தார்.

"இருங்கோ எல்லாரும்," என்றார். "என்னை நீங்கள் மாஸ்டர், மாஸ்டர் எண்டுறியள். நான் ஊரிலை ஒன்பது வருசம் படிப்பிச்சனான். இஞ்சை வந்து இருபத்தொரு வருசம் உணவகத்திலை கோப்பை கழுவினனான். ஒருத்தரும் என்னைக் கோப்பை எண்டு கூப்பிடேல்லை."

இந்த முறை சிரித்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

அவர் பொல்லைக் கத்தரினிடம் நீட்டினார். ஒரு கதிரையைப் பிடித்து முழங்காலில் இறங்கி, பிறகு கையூன்றி, மடிப்புக் கலையாத காற்சட்டையோடு தரையில் மல்லாந்து படுத்தார்.

"பிள்ளை, நல்லா விழுந்திருக்கிறனோ?"

"திறமா விழுந்திருக்கிறியள், மாஸ்டர்."

"அப்ப தூக்கு."

"அதுதான் முதல் பாடம்," என்று கத்தரின் எல்லோரையும் பார்த்தாள். "தூக்காதேங்கோ. ஓடிப்போய்க் கையைப் பிடிச்சு இழுக்காதேங்கோ. கமக்கட்டுக்குள்ளை கை வைக்காதேங்கோ. முதல்லை பக்கத்திலை முழங்காலிலை இருங்கோ. அவரின்ரை முகம் உங்களுக்குத் தெரிய வேணும், உங்கடை முகம் அவருக்குத் தெரிய வேணும். கேளுங்கோ. மாஸ்டர், எங்கையும் நோகுதோ?"

"மானம் கொஞ்சம் நோகுது."

"அதுக்கு மருந்து இல்லை. தலை சுத்துதோ? காலை அசைச்சுக் காட்டுங்கோ. நோகுது எண்டாலோ, அசைக்க ஏலாது எண்டாலோ, அசையவே விடாதேங்கோ. போர்வையைப் போர்த்திப்போட்டு அம்புலன்சைக் கூப்பிடுங்கோ. நோகேல்லை எண்டால் மட்டும் அடுத்தது. அவசரமில்லை. நிலத்திலை கிடக்கிற ஆளுக்கு அவசரமில்லை. பாத்துக்கொண்டு நிக்கிற எங்களுக்குத்தான் அவசரம்."

ஒலிவாங்கியைச் சிவநேசத்தின் மடியில் வைத்துவிட்டாள். அது இப்போது தேவைப்படவில்லை. முன்வரிசை எட்டிப் பார்த்தது, பின்வரிசை எழும்பி முன்னால் வந்தது. அவள் மாஸ்டரைப் பக்கம் திரும்பச் சொன்னாள். முழங்கை ஊன்றச் சொன்னாள். நாலு காலில் நிற்கச் சொன்னாள். ஒரு கதிரையை அவருடைய முகத்துக்கு முன்னால் வைத்து, இரண்டு கையையும் இருக்கையில் ஊன்றச் சொன்னாள்.

"எந்தக் கால் பலம்?"

"வலது."

"அப்ப வலதை முன்னுக்குக் கொண்டுவந்து பாதத்தை ஊன்றுங்கோ. இப்ப கையாலை கதிரையை அமத்திக்கொண்டு எழும்புங்கோ. எழும்புறது நீங்கள். நான் பக்கத்திலை நிக்கிறன், அவ்வளவுதான்."

அவளுடைய கை அவருடைய இடுப்புக்குப் பக்கத்தில் தொட்டும் தொடாமலும் நின்றது. எழுபத்தொன்பது வயது உடம்பு, யாரும் இழுக்காமல், தானாகத் தரையை விட்டு உயர்ந்தது. பாதியில் ஒரு கணம் நின்றது. மாஸ்டரின் முகம் மாறியது. வாய் இறுகி, கண் எங்கோ போனது. பிறகு எழுந்து நின்றார். கத்தரின் இரண்டாவது கதிரையை அவருக்குப் பின்னால் தள்ளினாள். அவர் இருந்தார்.

மண்டபம் கைதட்டியது. சிவநேசம் நல்ல கையால் தொடையில் தட்டினார்.

அதன் பிறகு யாரும் தேத்தண்ணியைப் பற்றிக் கதைக்கவில்லை. "நான், நான்" என்று முறை கேட்டார்கள். பின்வரிசையில் சிரித்தவரே மூன்றாவதாக வந்து விழுந்தார். யோசெப்பின் சேலையைச் செருகிக்கொண்டு, "எனக்கு இடது முழங்கால் ஏலாது, அப்ப எந்தக் காலை வைக்கிறது?" என்று கேட்டாள். கத்தரின் அவளுக்கும் காட்டிக்கொடுத்தாள். எழும்பியதும் யோசெப்பின் சேலையைச் சரிசெய்தபடி சொன்னாள்: "நல்ல பாடந்தான் அக்கா. இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை விசயம் நான் அண்ணாவோடை கதைச்சுப்போட்டுத்தான் சொல்லுவன்."

"கதையும். உண்மையைச் சொல்லிக் கதையும்."

தவக்காலம் என்பதால் வியாழக்கிழமைகளில் மேல் மண்டபத்தில் பங்குச் சனம் சூப் கொடுப்பது வழக்கம். பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் படியேறத் தொடங்கினார்கள்.

மாஸ்டர் இருந்த கதிரையை விட்டு எழும்பவில்லை. ஒரு மணி நேரமாக எழும்பவில்லை.

"வாங்கோ மாஸ்டர், சூப் ஆறப்போகுது," என்று ஒருவர் தோளில் கை வைத்தார்.

"நீங்கள் போங்கோ. நான் பேந்து வாறன்."

அந்தக் குரலைக் கத்தரின் இருபத்திநாலு வருடம் கேட்டிருக்கிறாள். நீதிபதியாக இருந்தவரும், ரொட்டிக்கடை வைத்திருந்தவரும், கன்னியாஸ்திரியும், எல்லோரும் அந்த நேரத்தில் ஒரே குரலில்தான் பேசுவார்கள். நீங்கள் போங்கோ. நான் பேந்து வாறன். அவர் பாதியில் நின்ற அந்தக் கணம் அவளுக்கு இப்போது விளங்கியது. வயதான உடம்பை நாலு காலில் நிறுத்தி, அழுத்தி எழுப்பினால் சில வேளை சிறுநீர் அடங்காது. அது அவள் சொல்லிக் கொடுக்க மறந்த பாடம். படுக்க முன் ஒருக்கால் போய்வாங்கோ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கோபத்தில் மறந்துவிட்டாள்.

"மாஸ்டர் களைச்சுப் போனார், விடுங்கோ," என்றாள் உரத்த குரலில். "எல்லாரும் மேலை போங்கோ. போங்கோ, போங்கோ. தேத்தண்ணிச் சாமான்களை நான் பேந்து வந்து எடுக்கிறன்."

கடைசி ஆளையும் படியில் ஏற்றினாள். கொளுவியில் இருந்து தன்னுடைய கோட்டை எடுத்தாள். கறுப்பு, டனிஸ்ரன் போட்டுக் கழித்த ஆண்பிள்ளைக் கோட், முழங்காலுக்குக் கீழே வரும். மாஸ்டருக்குப் பின்னால் இருந்த கதிரையில் அதைப் போட்டு, அவருடைய பொல்லையும் கைக்கெட்டச் சாய்த்து வைத்தாள்.

"இது இதிலை கிடக்கட்டும் மாஸ்டர். எனக்கு இண்டைக்குப் பெரிசாக் குளிரேல்லை."

அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் படியேறினாள்.

ஞானேந்திரன் தொப்பியும் இல்லாமல் வெளியே போனதைக் கத்தரின் முன்பே றெபேக்காவுக்குச் செய்தியாக அனுப்பியிருந்தாள். மேலே சூப் கையில் இருந்தபோது அவள் கைபேசியில் வந்தாள். "அம்மா, அப்பா வீட்டை வரேல்லை. அடிச்சால் எடுக்கிறாரில்லை. கடைப்பக்கம், மெட்ரோப் பக்கம் எல்லாம் பாத்திட்டன். தொப்பியும் இல்லாமல் எங்கை போனவர்?"

"நீ வாசலுக்கு வா. பத்து நிமிசத்திலை வாறன்."

கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். சூப்பை அப்படியே வைத்துவிட்டு அவள் கீழே இறங்கியபோது ஒவ்வொரு படியும் சத்தம் போட்டது.

கீழ் மண்டபம் வெறுமையாக இருந்தது. மாஸ்டர் பின் கதவால் போய்விட்டார். கோட் இல்லை. கதிரை மூலையில், சுவரைப் பார்த்தபடி தள்ளி வைக்கப்பட்டிருந்தது. கைக்குட்டையால் அவசரமாகத் துடைத்த அடையாளம் அதில் இருந்தது. நன்றாகத் துடைக்க அவருக்கு நேரமும் இருக்கவில்லை, குனியவும் இயலவில்லை.

கத்தரின் கழுவும் அறைக்குள் போய் வாளியில் சுடுதண்ணீர் பிடித்தாள். சவர்க்காரம் போட்டாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். இருக்கையைத் துடைத்தாள், பிறகு கால்களை, பிறகு அது நின்ற இடத்தையும், அதைத் தள்ளிக்கொண்டு போன வழியையும். தண்ணீர் மாற்றித் திரும்பவும் ஒருமுறை. அவளுக்கு ஞானேந்திரன் மேல் கோபம் இருந்தது, சிரித்தவர்கள் மேல் இருந்தது, மறந்துபோன தன் மேலும் இருந்தது. ஆனால் துணியைப் பிடித்த கை அதொன்றையும் அறியாததுபோல், அவசரப்படாமல், மூலைக்கு மூலை போய் வந்தது.

உலரும்வரை கடதாசியால் ஒற்றினாள். முகர்ந்து பார்த்தாள். சவர்க்கார வாசம் மட்டும்தான்.

பிறகு மண்டபத்துக் கதிரைகளை அடுக்கத் தொடங்கினாள். அந்தக் கதிரையைக் கடைசியில் வைக்கவில்லை. அடுக்கின் நடுவில், முன்னும் பின்னும் மற்றக் கதிரைகள் வர, எது என்று இனித் தனக்கே தெரியாதபடி வைத்தாள்.

வாளியைக் கவிழ்த்துவிட்டு விளக்கை அணைத்தாள். தன் மனிதரைத் தேடி, கோட் இல்லாமல், பனிச்சேற்றுக்குள் இறங்கினாள்.